டேவிட் காக்ஸ் கடைசிக் காலத்தில் தீட்டிய கடற்கரைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தின் நீர்வண்ண ஓவியர் டேவிட் காக்ஸ் தன் வாழ்க்கையின் கடைசி இருபது வருடங்களில் கடற்கரை மணலையும் காற்றையும் திரும்பத் திரும்ப வரைந்தார். அந்தப் படங்களை முதன்முதலில் பார்ப்பவர்களுக்கு இரண்டு சந்தேகம் வரும். இது முடிந்த படமா, முடியாத படமா? கிழவருக்குக் கை நடுங்கியதால் இப்படி வந்ததா, தெரிந்தே இப்படிச் செய்தாரா? வாட்டர்கலர் பழகும் நண்பர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளையும், நானே எனக்குள் கேட்டுக்கொண்டவற்றையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

யார் இந்த டேவிட் காக்ஸ்?

1783 ஏப்ரல் 29 அன்று பர்மிங்காம் நகரத்தின் டெரிட்டெண்ட் பகுதியில் பிறந்தவர். அப்பா கொல்லர். துப்பாக்கிக் குழலும் துப்பாக்கி முனையில் செருகும் கத்தியும் செய்யும் பட்டறை. சிறுவயதில் காக்ஸுக்குக் கால் முறிந்து படுக்கையில் கிடந்தபோது யாரோ ஒரு வண்ணப் பெட்டியைக் கையில் கொடுத்தார்கள். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளின் காகிதப் பட்டங்களில் படம் போட்டுக் கொடுக்க ஆரம்பித்தார். காற்றில் ஏறப்போகிற காகிதத்தில்தான் அவருடைய முதல் படங்கள் இருந்தன என்பதை நான் மறப்பதே இல்லை.

அப்புறம் பதக்கங்களில் பதிக்கும் சின்னஞ்சிறு முகப்படங்கள் வரையும் ஒருவரிடம் தொழில் கற்றார். பர்மிங்காம் நாடகக் கொட்டகையில் திரைச்சீலை தீட்டினார். 1804இல் லண்டன் போனார். அங்கே ஜான் வார்லி என்ற நீர்வண்ண ஓவியரிடம் பாடம். 1808இல் மேரி ராக் என்பவரை மணந்தார். ஹெரிபோர்டு ஊரில் பல வருடம் ஓவிய ஆசிரியராக இருந்தார், 1827இல் மறுபடி லண்டன், 1841இல் பர்மிங்காமுக்குப் பக்கத்தில் ஹார்போர்ன். 1859 ஜூன் 7 அன்று அங்கேயே இறந்தார்.

திரைச்சீலை வேலையைச் சும்மா கடந்து போகாதீர்கள். நாடகத் திரையை நாற்பதடி தள்ளி உட்கார்ந்தவன் பார்க்கிறான். பக்கத்தில் போனால் அது வெறும் அப்பல், தள்ளி நின்றால் மலை. இந்தப் பாடத்தை இருபது வயதிலேயே அவர் கை கற்றுவிட்டது.

1783இல் பிறந்தவரை விக்டோரியா கால ஓவியர் என்று சொல்லலாமா?

விக்டோரியா 1837இல் அரசியானபோது காக்ஸுக்கு 54 வயது. ஆனால் அவருடைய மிகச் சிறந்த வேலை எல்லாம் அதற்குப் பிறகுதான் வந்தது. அதனால் சொல்லலாம்.

எந்தக் கடற்கரைகளை வரைந்தார்?

முக்கியமாக இரண்டு இடங்கள்.

முதலாவது, வட இங்கிலாந்தில் லங்காஸ்டர் மணல்வெளி. மோர்கேம் விரிகுடாவில் கடல் வற்றும்போது மைல் கணக்கில் ஈர மணல் வெளியே வரும். சுற்றிப் போகும் தரைவழி நீளம் என்பதால் சந்தைக்குப் போகிறவர்களும் குதிரை வண்டிகளும் அந்த மணலைக் குறுக்கே கடந்து போவார்கள். புதைமணல் உண்டு. வற்றிய வேகத்தில் கடல் திரும்பியும் வரும். பாதை தெரிந்த வழிகாட்டி ஒருவரை அரசே நியமிக்கும் வழக்கம் 16ஆம் நூற்றாண்டிலிருந்து இருக்கிறது, இன்றும் தொடர்கிறது. 1857இல் ரயில் பாதை வந்த பிறகு வண்டிகள் மணலைக் கடப்பது நின்றுபோனது. காக்ஸ் வரைந்தது அதன் கடைசிப் பத்தாண்டுகளை. குதிரைமேல் கூடையோடு போகும் பெண்கள், கழுத்தைக் குனிந்து நடக்கும் குதிரை, தலைக்கு மேல் கடற்காகங்கள், தொலைவில் மழை. இதை அவர் நீர்வண்ணத்தில் பலமுறை வரைந்தார், எண்ணெய் வண்ணத்திலும் வரைந்தார். பார்ப்பதற்கு அமைதியான படம் மாதிரி இருக்கும். ஆனால் இவர்கள் கடல் திரும்புவதற்குள் கரை ஏறியாக வேண்டும் என்று தெரிந்துகொண்டு பாருங்கள், குதிரையின் நடையே வேறாகத் தெரியும்.

இரண்டாவது, வட வேல்ஸில் ரில். இது உல்லாசத்துக்குப் போகும் கடற்கரை. 1848 மே 1 அன்று ரயில் நிலையம் திறந்ததும் நகரத்து ஜனங்கள் வந்து இறங்க ஆரம்பித்தார்கள். கடலுக்குள் நீண்டு நிற்கும், பின்னாளில் பேர்பெற்ற ரில் உலாவுப் பாலம் 1867இல்தான் வந்தது, காக்ஸ் அதைப் பார்க்கவே இல்லை. அவர் பார்த்த ரில்லில் மணல், காற்று, கொஞ்சம் கட்டடங்கள், குடையும் பாவாடையும் பறக்க நடக்கும் சில பேர், அவ்வளவுதான் இருந்தது.

'ரில் மணல்வெளி' என்ற பேர்பெற்ற படம் நீர்வண்ணமா?

இல்லை. மான்செஸ்டர் ஓவியக் கூடத்தில் இருக்கும் அந்தப் படம், 1854 வாக்கில் தீட்டியது, எண்ணெய் வண்ணம். நிறையப் பேர் நீர்வண்ணம் என்றே நினைத்துக்கொள்கிறார்கள், அதில் தப்பில்லை. ஒரு நீர்வண்ணக்காரரின் கைதான் அதிலும் வேலை செய்கிறது: மெல்லிய பூச்சு, திறந்த வானம், ஒரே தொடுகையில் ஒரு ஆள்.

காக்ஸ் எண்ணெய் வண்ணத்தைச் சரியாகக் கற்றுக்கொண்டதே 1840 வாக்கில்தான். வில்லியம் ஜேம்ஸ் முல்லர் என்ற இளைஞர் வேலை செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக் கற்றார். முல்லர் 1812இல் பிறந்தவர், காக்ஸைவிட ஏறக்குறைய முப்பது வயது இளையவர். முப்பது வருடம் பாடம் சொல்லிக்கொடுத்த வாத்தியார், ஐம்பத்தேழு வயதில் மகன் வயதுப் பையனிடம் போய் மாணவனாக உட்கார்ந்தார். எனக்கு காக்ஸ்மேல் மதிப்பு வந்ததே இந்த ஒரு விஷயத்தால்தான்.

அதனால் இந்தப் பக்கத்தில் நீர்வண்ணத்தையும் எண்ணெயையும் சேர்த்தே பேசுகிறேன். அவர் கடைசிக் காலத்தில் இரண்டும் ஒன்றையொன்று திருத்திக்கொண்டே வந்தன.

பொட்டலத் தாளில் வரைந்தார் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. கதையும் நல்ல கதை.

1836இல் கடையில் ஒரு முரட்டுத் தாள் அவர் கண்ணில் பட்டது. ஓவியத்துக்குச் செய்த தாள் இல்லை, சாமான் சுற்றிக் கட்டச் செய்தது. வெள்ளையும் இல்லை, லேசாகப் பழுப்பும் சாம்பலும் கலந்த நிறம். உள்ளே நார்த் துணுக்கும் கரும்புள்ளியும் அங்கங்கே ஒட்டிக்கொண்டிருந்தன. அதில் வரைந்து பார்த்தார். வண்ணத்தைத் தாள் உடனே உறிஞ்சாமல், வழிய விடாமலும் சரியாகப் பிடித்துக்கொண்டது. எங்கே செய்தது என்று தேடினார். தாளில் இருந்த வரி முத்திரையை வைத்து ஸ்காட்லாந்தின் டண்டீ ஊரில் செய்தது என்று கண்டுபிடித்தார்கள்.

ஒரு ரீம் வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். வந்து இறங்கியதைப் பார்த்து அசந்துபோனார்: எடை 280 பவுண்டு, நம் கணக்கில் ஏறக்குறைய 127 கிலோ. விலை 11 பவுண்டு பணம். அந்தக் காலத்துக்கு அது பெரிய தொகை. ஆனால் பின்னாளில், இன்னும் வாங்காமல் விட்டோமே என்றுதான் வருத்தப்பட்டார். அதே தரத்தில் மறுபடி கிடைக்கவில்லை.

அந்தத் தாளின் மூலப்பொருள் லினன் கித்தான், அதாவது கப்பல் பாய்த் துணி. டண்டீ லினன் நெசவுக்குப் பேர்போன ஊர். கடல் காற்றில் புடைத்து நின்ற துணி கந்தலாகி, கூழாகி, தாளாகி, கடைசியில் கடற்காற்று வரையும் ஒருவர் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. காக்ஸ் இதைப் பற்றி யோசித்தாரோ இல்லையோ, அந்தப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.

ஓவியர் இறந்த பிறகு தாள் வியாபாரிகள் 'டேவிட் காக்ஸ் தாள்' என்ற பெயரிலேயே முரட்டுத் தாள் விற்றார்கள். ஒரு சரக்குத் தாளுக்கு ஓவியரின் பெயர் வந்துவிட்டது.

தாளில் இருந்த கரும்புள்ளிகளை என்ன செய்தார்?

இதே கேள்வியை அவரிடமே ஒருவர் கேட்டிருக்கிறார். வானத்தின் நடுவில் புள்ளி வந்தால் என்ன செய்வீர்கள் என்று. இரண்டு பக்கமும் சிறகு வைத்துவிடுவேன், பறந்து போய்விடும் என்றாராம்.

அவர் வானத்தில் பறவைகள் நிறைய. அடுத்த முறை பார்க்கும்போது ஒவ்வொரு பறவையின் நடுவிலும் உற்றுப் பாருங்கள்.

கடைசிக் காலப் படங்கள் முரடாக இருப்பது உடல் நலக் குறைவால்தானே?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. என் பதில்: இல்லை. ஆனால் நோயை ஒதுக்கிவிட்டும் பேச முடியாது.

நடந்தது இது. 1845இல் மனைவி மேரி இறந்தார். 1853 ஜூனில் காக்ஸுக்குப் பக்கவாதம் வந்தது. எழுந்துவிட்டார், ஆனால் பார்வையும் ஞாபகமும் பழையபடி இல்லை. அப்படியும் வேல்ஸில் பெட்டுஸ்-அ-கோய்ட் கிராமத்துக்கு 1844இலிருந்து வருடாவருடம் போய் வந்த பழக்கத்தை 1856 வரை விடவில்லை. 'ரில் மணல்வெளி' பக்கவாதத்துக்கு அடுத்த வருடத்தை ஒட்டி வந்த படம். அதனால் நோய் தாக்கியது, படம் கலங்கியது என்று கோடு போட்டு முடிச்சுப் போடுவது சுலபம்.

வருடங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். முரட்டுத் தாளைத் தேடிப் பிடித்தது 1836இல், நோய்க்குப் பதினேழு வருடம் முன்னால். எண்ணெய் வண்ணம் கற்கப் போனது 1840இல். 1840களின் லங்காஸ்டர் மணல்வெளிப் படங்களிலேயே கோடு கலைந்து, வண்ணம் துண்டு துண்டாக நிற்க ஆரம்பித்துவிட்டது. அப்போது கையும் கண்ணும் நன்றாகவே இருந்தன. ஆக, பாதையை அவர் முன்பே தேர்ந்தெடுத்துவிட்டார். நோய் அந்தப் பாதையில் அவரை இன்னும் வேகமாகத் தள்ளியது. சின்ன விவரங்களைப் பார்க்கக் கண் ஒத்துழைக்காதபோது, அவை இல்லாமலே படம் நிற்கும் என்று அவருக்கு ஏற்கனவே தெரிந்திருந்தது. இருபது வருடம் முன்பு அதே நோய் வந்திருந்தால் படம் நின்றே போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

அவர் காலத்திலேயே இந்த முறையீடு இருந்தது. லண்டன் நீர்வண்ண ஓவியர் சங்கத்தில் 1813 முதல் உறுப்பினர் அவர். அந்தச் சங்கத்துக்குள்ளேயே படங்கள் மிக முரடாக இருக்கின்றன என்றார்கள். 1853இல் மகனுக்கு எழுதிய கடிதத்தில் இதற்குப் பதில் இருக்கிறது. இவை மனம் செய்த வேலை என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள், ஒரு இடத்தை அச்சு அசலாக எடுத்து வைப்பதைவிட அதை நான் எவ்வளவோ மேலாக மதிக்கிறேன் என்பது அதன் சாரம். கையில் குறை வந்துவிட்டது என்று மன்னிப்புக் கேட்கும் தொனி அதில் துளியும் இல்லை.

காற்றை எப்படி வரைந்தார்? காற்று கண்ணுக்குத் தெரியாதே.

அது செய்கிற வேலையை வரைந்தார்.

ஒரு உதாரணத்தை மட்டும் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். மணலில் நடக்கும் ஒரு பெண். உயரம் விரல் நகத்தளவுதான். முகம் கிடையாது, கை கிடையாது. கீழே பாவாடைக்கு ஒரு கனத்த தொடுகை, அது ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போகிறது. மேலே சால்வைக்கு ஒரு சிறிய தொடுகை, அதுவும் அதே பக்கம். உடம்பு மட்டும் எதிர்ப்பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. காற்று எந்தத் திசையில் அடிக்கிறது, எவ்வளவு பலமாக அடிக்கிறது, அவள் எந்தப் பக்கம் போகப் பார்க்கிறாள் எல்லாம் வந்துவிட்டது. மூக்கும் கண்ணும் வைத்திருந்தால் நாம் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்போம், காற்றைத் தவறவிட்டிருப்போம்.

இனி வானம். அவருடைய கடற்கரைப் படங்களில் அடிவானக் கோடு மிகவும் தாழ்ந்து இருக்கும். படத்தின் பெரும்பகுதி வானம்தான். முரட்டுத் தாளில் பிரஷ்ஷைச் சாய்த்து வேகமாக இழுத்தால் வண்ணம் மேடுகளில் மட்டும் ஒட்டும், பள்ளங்களில் தாளின் நிறம் தெரியும். மேகத்தின் ஓரம் அப்படியே பிய்ந்து பறக்கிற மாதிரி ஆகிவிடும். வழவழப்பான தாளில் இதே ஓரத்தைக் கொண்டுவர அரை மணி நேரம் போராட வேண்டும், அப்போதும் போராடியது தெரியும்.

மணலுக்கும் மேகத்துக்கும் ஒரே வகைத் தொடுகை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஈர மணல் வானத்தைத் திருப்பிக் காட்டும் என்பதால் நிறமும் கிட்டத்தட்ட ஒன்றே. மேலேயும் கீழேயும் ஒரே வேகத்தில் நகர்கிறது, நடுவில் அந்தச் சிறு ஆட்கள். காக்ஸின் கடற்கரையில் நிலையாக நிற்கும் பொருள் ஒன்றுகூட இல்லை.

இவர் பிரான்ஸின் இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர்களுக்கு முன்னோடியா?

காலக் கணக்கு ஆசை காட்டும். 'ரில் மணல்வெளி' 1854 வாக்கில். பூதேன் என்ற பிரெஞ்சு ஓவியர் அந்நாட்டின் துருவில் என்ற ஊர்க் கடற்கரையில் நாகரிகக் கூட்டத்தை வரையத் தொடங்கியது 1860களில். இம்ப்ரெஷனிஸ்டுகளான மோனேயும் பிசாரோவும் லண்டன் வந்தது 1870இல். இம்ப்ரெஷனிஸ்டுகளின் முதல் கண்காட்சி 1874இல். எல்லாவற்றுக்கும் முந்தியவர் காக்ஸ்.

ஆனால் முன்னோடி என்று பட்டம் கட்டும்போது அவரை இன்னொருவர் கதையின் முதல் பக்கமாக்கிவிடுகிறோம். அதில் எனக்குச் சம்மதம் இல்லை. பிரெஞ்சுக்காரர்களுக்கு ஒளி முக்கியம், நிழலுக்குள்ளும் நிறம் தேடினார்கள். காக்ஸுக்கு வானிலை முக்கியம். அவர் நிழல் சாம்பல்தான், மணல் பழுப்புதான். வெயில் எப்போது மறையும், மழை எப்போது வரும் என்று மேலே பார்த்துக்கொண்டே நடக்கிற நாட்டுப்புறத்து மனிதரின் கண் அது.

நிறங்கள் மங்கிவிட்டனவா?

சிலவற்றில் மங்கியிருக்கும். அக்காலத்து நீர்வண்ணக்காரர்கள் மேகத்தின் சாம்பல் நிறத்துக்கு இண்டிகோவையும் செங்காவிச் சாயல் உள்ள ஒரு சிவப்பையும் கலப்பது வழக்கம். இண்டிகோ என்பது நம் அவுரிச் செடியிலிருந்து எடுக்கும் நீலம். அன்றைக்கு இங்கிலாந்துக்குப் பெரும்பகுதி இந்தியாவிலிருந்துதான் போனது. துணியில் நின்று பிடிக்கிற அந்த நீலம், தாளில் மெல்லிய பூச்சாக இருக்கும்போது வெளிச்சம் பட்டுப்பட்டு வெளுத்துவிடும். காவி வெளுக்காது. அதனால் சாம்பல் மேகம் நாளடைவில் செம்பழுப்பாகிவிடும். பழைய நீர்வண்ணப் படங்களில் நடுப்பகல் வானம் அந்தி வானம் மாதிரி இருந்தால் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

இது 19ஆம் நூற்றாண்டிலேயே பெரிய சண்டையாகி, ரசல், ஆப்னி என்ற இரண்டு விஞ்ஞானிகள் வண்ணங்களை வெளிச்சத்தில் வைத்துச் சோதித்து 1888இல் அறிக்கை கொடுத்தார்கள். இன்று அருங்காட்சியகங்கள் தாள் படங்களுக்கு 50 லக்ஸ் அளவு வெளிச்சம்தான் வைக்கின்றன, அதுவும் கொஞ்ச காலத்துக்கு. கூடம் இருட்டாக இருக்கிறதே என்று குறைப்படாதீர்கள். அந்த இருட்டு படத்தைக் காப்பாற்றுகிறது.

அவர் காலத்தில் நல்ல விலை கிடைத்ததா?

பிழைப்புக்குப் போதுமான அளவு. பெரிய விலை இறந்த பிறகு வந்தது. 1850இல் 50 கினிக்கு, அதாவது ஐம்பது பவுண்டுக்குச் சற்று மேல், விற்ற 'வைக்கோல் வயல்' என்ற நீர்வண்ணப் படம் 1875 ஏலத்தில் 2,950 பவுண்டுக்குப் போனது.

ஏலத்தில் 'டேவிட் காக்ஸ்' என்று கையெழுத்துள்ள கடற்கரைப் படம் வருகிறது. வாங்கலாமா?

அவசரப்பட வேண்டாம். இரண்டு சிக்கல்கள் இருக்கின்றன.

ஒன்று, அவர் மகனுக்கும் அதே பெயர். இளைய டேவிட் காக்ஸ் 1809இல் பிறந்து 1885இல் இறந்தவர், அவரும் நீர்வண்ண ஓவியர், அப்பா வரைந்த மாதிரி இடங்களையே வரைந்தவர். நல்ல ஓவியர்தான், ஆனால் அப்பா அல்ல.

இன்னொன்று, போலிகள். விலை ஏறியதும் காக்ஸ் பாணியில் படம் செய்து கையெழுத்தும் போட்டு விற்றவர்கள் உண்டு. அவர் ஆயுள் முழுக்கப் பாடம் நடத்தியவர் என்பதால், வாத்தியார் படத்தைப் பார்த்து மாணவர்கள் நேர்மையாகப் போட்ட நகல்களும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. முரட்டுத் தாளை மட்டும் நம்ப முடியாது, அவர் பெயரிலேயே தாள் விற்றதை மேலே சொன்னேன்.

நான் பார்க்கும் முதல் விஷயம் கையெழுத்து அல்ல, தூரத்து ஆட்கள். போலி செய்பவர் முரட்டுத்தனத்தைக் காப்பி அடிப்பார், எடையைக் காப்பி அடிக்க மாட்டார். காக்ஸின் ஆள் எவ்வளவு சிறியவராக இருந்தாலும் இரண்டு காலிலும் எடை இருக்கும், மணலில் ஊன்றி நடப்பார். போலியில் ஆட்கள் மிதப்பார்கள். ஆனால் பணம் போடுவதற்கு முன் விவரம் தெரிந்த ஒருவரிடம் காட்டியே தீர வேண்டும்.

நேரில் எங்கே பார்க்கலாம்?

மிகப் பெரிய தொகுப்பு பர்மிங்காம் அருங்காட்சியகத்தில். ஜோசப் நெட்டில்ஃபோல்ட் என்பவர் உயிலில் எழுதி வைத்தபடி, எண்ணெய்ப் படங்களாகவே ஒரு பெரிய தொகுப்பு 1882இல் அந்த நகரத்துக்கு வந்து சேர்ந்தது. 'ரில் மணல்வெளி' மான்செஸ்டரில். நீர்வண்ணங்கள் பிரிட்டிஷ் மியூசியம், விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம், டேட் ஓவியக் கூடம், அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தின் பிரிட்டிஷ் கலை மையம் ஆகிய இடங்களில் இருக்கின்றன. யேலும் பர்மிங்காமும் சேர்ந்து 2008, 2009இல் நடத்திய கண்காட்சியின் தலைப்பு வெயில், காற்று, மழை என்பது.

ஒரு விஷயம்: நீர்வண்ணங்கள் எப்போதும் சுவரில் தொங்காது, பெட்டிக்குள் இருக்கும். லண்டனில் இருப்பவர்களோ போகிறவர்களோ, பிரிட்டிஷ் மியூசியத்தின் அச்சுப்பட, வரைபடப் பிரிவுக்கு முன்கூட்டியே எழுதி நேரம் வாங்கினால் கண்ணாடித் தடுப்பு இல்லாமல் மேசைமேல் வைத்துக் காட்டுவார்கள். கட்டணம் கிடையாது.

நானும் பொட்டலத் தாளில் வரைந்து பழகலாமா?

பழகுங்கள், ஆனால் படம் நிலைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். காக்ஸின் தாள் லினன் கந்தலில் செய்தது, அதனால்தான் 170 வருடம் தாங்கியிருக்கிறது. இன்றைய பழுப்புப் பொட்டலத் தாள் மரக்கூழ். சில வருடத்தில் நொறுங்கும். நான் ஒரு மழைக்கால மாலையில் அதில் வரைந்து பார்த்தேன். தண்ணீர் பட்டதும் தாள் அலை அலையாகச் சுருண்டு, வண்ணம் பள்ளத்தில் போய்த் தேங்கியது. ஆனால் ஒன்று புரிந்தது. வெள்ளைத் தாளில் நான் எப்போதும் வெள்ளையைக் காப்பாற்றத்தான் கவலைப்படுவேன். பழுப்புத் தாளில் காப்பாற்ற வெள்ளையே இல்லை. கை தைரியமாகப் போனது.

பழக நல்ல வழி, பருத்திக் கந்தலில் செய்த, சொரசொரப்பான கைத்தாள். எடை சதுர மீட்டருக்கு 300 கிராமுக்குக் குறையாமல் பாருங்கள். பசை குறைவாகப் போட்ட தாள் வண்ணத்தைக் குடித்துவிடும், வாங்கும் முன் ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பாருங்கள், சொட்டு கொஞ்ச நேரம் உருண்டு நிற்க வேண்டும். கரிக்கோலால் நாலு கோடு, அதற்கு மேல் போகாதீர்கள். பெரிய பிரஷ்ஷையே கடைசி வரை வைத்துக்கொள்ளுங்கள். இண்டிகோ வேண்டுமென்றால் இன்று அந்தப் பெயரில் விற்கும் கலவை நீலங்களை வாங்கலாம், அவை சீக்கிரம் வெளுக்காது.

நேரில் பார்க்க வழியில்லை. திரையில் பார்ப்பதற்கு ஏதாவது யோசனை?

அருங்காட்சியகங்களின் தளங்களில் பெரிதாக்கிப் பார்க்கும் வசதி இருக்கிறது. ஆனால் பெரிதாக்குவதை இரண்டாவதாகச் செய்யுங்கள். முதலில் படத்தை உள்ளங்கை அளவுக்குச் சுருக்கி, நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு பாருங்கள். மேகம் எந்தப் பக்கம் போகிறது என்று தெரியும்வரை பாருங்கள்.

அப்புறம் ஒரே ஒரு ஆளைத் தேர்ந்தெடுத்துப் பெரிதாக்குங்கள். ஒரு கட்டத்தில் ஆள் காணாமல் போய்விடுவார், வண்ணத் திட்டுகள் மட்டும் இருக்கும். மெதுவாகச் சுருக்கிக்கொண்டே வாருங்கள். திட்டுகள் மறுபடி ஒரு பெண்ணாகும் இடத்தில் நிறுத்துங்கள். அவளுடைய சால்வை பறக்கும் திசையிலேயே வானத்தில் கண்ணைக் கொண்டு போனால், அங்கே ஒரு பறவை இருந்தாலும் இருக்கும்.